பாம்பை அப்புறம் பார்க்கலாம், முதலில் நாயைப் பாருங்கள்

மூன்று வாரத்துக்கு முன்னால் இரவு எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. கானாடுகாத்தான் பக்கம் தாத்தா வீட்டுக்குத் திரும்பி வந்து, கம்ப்யூட்டர் வேலையை அங்கிருந்தே பார்க்கிற தம்பி ஒருவர் அனுப்பியது. அவருடைய நாய் கொல்லையில் ஒரு பாம்பைக் கவ்வி உதறுகிறது. பின்னால் நாலைந்து பேர் சிரிக்கிற சத்தம். கூடவே ஒரு வரி: "மலைப்பாம்புக் குட்டிண்ணே, ஒரே நிமிஷத்துல முடிச்சுட்டான்."

வீடியோவை நிறுத்திப் பார்த்தேன். முதுகில் சங்கிலி கோத்த மாதிரி மூன்று வரிசை வட்டங்கள். கண்ணாடி விரியன். உடனே போன் போட்டு, "நாய் எங்கே?" என்று கேட்டேன்.

"இங்கதாண்ணே படுத்திருக்கான், களைச்சுப் போயிட்டான்."

இதே பதிலை 2009-இல் நானும் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். தடுப்பூசி போடுங்கள், ராத்திரி கேட்டைச் சாத்துங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். நம் செட்டிநாட்டு வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். நடுவில் பாதிக் கட்டு வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடக்கும். கொல்லையைத் தாண்டினால் தைலமரக் காடு. கீரி, மரநாய், உடும்பு, சாரை எல்லாம் நமக்கு முன்பே குடிவந்தவை. நாயும் பூனையும் அவற்றைப் பிடிக்கத்தான் செய்யும். அதற்குப் பிறகு நாம் செய்கிற தவறுகளைத்தான் சொல்ல வருகிறேன்.

சூக் காட்டுவது

நாய் தானாகத் துரத்துவது வேறு, நாம் "பிடிடா பிடிடா" என்று ஏவுவது வேறு. உடும்பும் மயிலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அவற்றை வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு சிறை. நாயை ஏவினேன், நான் தொடவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தால் சாட்சியும் தயார்.

வாய்க்குள் கையை விடுவது

நாய் கீரியைக் கவ்விவிட்டது, பாவம், பிடுங்கி விடலாம் என்று வெறுங்கையோடு போகாதீர்கள். சாகப்போகிற கீரி யார் கை என்று பார்த்தா கடிக்கும்? கீரிக்கும் வெறிநோய் வரும். நனைத்த சாக்கை நாயின் முகத்தில் போட்டால் பெரும்பாலும் வாயைத் திறந்துவிடும். கடி பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28 என்று நாள் தவறாமல் வெறிநோய்த் தடுப்பூசி. நாய்க்கும் கடி பட்டிருந்தால், ஏற்கெனவே ஊசி போட்டிருந்தாலும் கால்நடை மருத்துவரிடம் மறுபடி காட்டவேண்டும்.

பாம்பைப் பார்த்துவிட்டு நாயை மறப்பது

எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இதுதான்.

2009 ஐப்பசி. மழை விட்ட சாயங்காலம். கொல்லையில் உடைந்த ஆட்டுரலுக்குப் பக்கத்தில் தென்னமட்டைக் குவியல். என் நாய் கருப்பன் அங்கே விடாமல் குரைத்தான். நான் போவதற்குள் பாம்பு இரண்டு துண்டு. தெருவே கூடிவிட்டது. அடுத்த வீட்டு ஆச்சி பால் கொண்டுவந்தார்கள், குழி வெட்டிப் புதைத்தோம். எவ்வளவு நீளம், ஜோடி இருக்குமா என்று அரைமணி நேரம் பேச்சு. அவன் வேப்பமரத்தடியில் படுத்து முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தான். நான் பரிசாக இரண்டு முட்டை கொடுத்தேன். தின்னவில்லை. "வேட்டை ஆடின களைப்பு" என்றேன்.

ராத்திரி மூக்கும் தாடையும் பன் மாதிரி வீங்கியது. குளவி கொட்டியிருக்கும் என்று மஞ்சள் பற்றுப் போட்டேன். நாட்டு நாய்க்கு விஷம் ஏறாது, நாலு புல்லைக் கடித்தால் சரியாகிவிடும் என்று பெரியவர் ஒருவர் சொன்னார். கீரிக்குப் பாம்பு விஷத்தைத் தாங்குகிற சக்தி உண்டு. அதை நாய்க்கும் சேர்த்து யாரோ எப்போதோ சொல்லிவைத்துவிட்டார்கள். சுத்தப் பொய்.

ராத்திரி அவன் செம்மண் தரையில்தான் சிறுநீர் கழித்தான். அந்த மண்ணில் என்ன நிறம் தெரியும்? விடிந்த பிறகு பின்வாசல் சிமெண்டுப் படியில் போனபோதுதான் தெரிந்தது, காப்பி டிகாக்‌ஷன் நிறம்.

மருத்துவர் காலில் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு ஜன்னல் கட்டையில் நிறுத்தினார். இருபது நிமிடம் கழித்துச் சாய்த்தார். உறைந்திருக்க வேண்டிய ரத்தம் தண்ணீராக ஓடியது. அங்கே விஷமுறிவு மருந்து இல்லை. இன்னொரு ஊருக்குப் போனோம், அங்கேயும் இல்லை. மதியம் இரண்டு மணிக்கு ஆட்டோவிலேயே போய்விட்டான். முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்கே கிளம்பியிருந்தால் இருபது மணி நேரம் கையில் இருந்தது. அதைப் பாம்புக்குப் பால் ஊற்றிக் கழித்தேன்.

ஆகவே நாய் பாம்போடு மோதியது தெரிந்தாலே கடித்துவிட்டது என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். பல் தடம் தெரியவில்லை என்று ஏமாறாதீர்கள், ரோமத்துக்குள் தெரியாது. டார்ச் அடித்து மூக்கு, உதடு, முன்னங்கால், மார்பு எல்லாம் விலக்கிப் பாருங்கள். விரியன் கடித்தால் வீக்கம், ஈறில் ரத்தக்கசிவு. நல்ல பாம்பு என்றால் எச்சில் ஒழுகும், கண் சொருகும், பின்னங்கால் தள்ளாடும். கட்டுவிரியன்தான் மோசம், வீக்கமே இருக்காது, நாய் தூங்குகிறது என்றே நினைப்போம்.

நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வீட்டில் இருக்கிற வலி மாத்திரையைக் கொடுக்காதீர்கள். அதில் சிலது ரத்தக்கசிவைக் கூட்டும். கிளம்பும்போதே போன் செய்து மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாத இடத்துக்குப் போய் நிற்பதில் பயனில்லை. என்ன பாம்பு என்று கண்டுபிடிக்கிறேன் பேர்வழி என்று நின்றுகொண்டிருக்கவும் வேண்டாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் நம் நாட்டில் ஒரே மருந்துதான். மனிதனுக்குப் போடுவதுதான் நாய்க்கும். 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் வடநெம்மேலியில் பாம்பு பிடித்து விஷம் எடுத்துக் கொடுப்பது அந்த மருந்துக்காகத்தான். பாம்பைத் தூரத்திலிருந்து ஒரு போட்டோ எடுத்தால் போதும். சின்ன நாய்க்குக் கொஞ்சம் மருந்து போதும் என்றும் கணக்குப் போடாதீர்கள். மருந்து முறிக்க வேண்டியது ஏறின விஷத்தை, நாயின் எடையை அல்ல.

செத்த பாம்பைக் கையால் எடுப்பது

வெட்டுண்ட தலையும் கடிக்கும். மண்வெட்டியால் தள்ளுங்கள்.

வயிறு நிறைந்த பூனை வேட்டையாடாது என்பது

ஆடும். பசிக்கும் வேட்டைக்கும் பெரிய சம்பந்தமில்லை. ஆனால் என்ன போடுகிறோம் என்பதற்குச் சம்பந்தம் உண்டு. 2021-இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் சோதித்துப் பார்த்தார்கள். இறைச்சி மிகுந்த உணவு கொடுத்த பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. தினம் 5 முதல் 10 நிமிடம் விளையாட்டுக் காட்டியதில் 25 சதவீதம் குறைந்தது. கழுத்து மணியால் பலன் ஒன்றும் தெரியவில்லை. நாம் தயிர்சோறு போட்டுவிட்டு அணிலைப் பிடிக்கிறது என்று திட்டுகிறோம்.

விடிகாலையிலும் அந்தி நேரத்திலும் பூனையை உள்ளே வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். வேட்டங்குடிச் சரணாலயத்துக்கு வருகிற பறவைகளுக்காகக் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. நம்மால் ஒரு பூனையை இரண்டு மணி நேரம் பட்டாலையில் வைத்திருக்க முடியாதா?

காயமில்லை என்று பறக்கவிடுவது

பூனை வாயிலிருந்து மீட்ட தவிட்டுக்குருவி நன்றாகத்தான் உட்கார்ந்திருக்கும். ஊசி முனை அளவு துளைதான், ஆனால் பூனையின் பல்லில் இருக்கிற கிருமி ஓரிரு நாளில் கொன்றுவிடும். அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டாக மூடி, மருத்துவரிடம் கொண்டுபோனால் ஆன்டிபயாட்டிக் கொடுப்பார். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அணில் குட்டி என்றால் பசும்பாலும் ஆகாது.

கூட்டிலிருந்து இறங்கித் தத்தித் தாவும் குஞ்சு வேறு கதை. அதைப் புதரில் வைத்துவிட்டு நாயைக் கட்டுங்கள். மனிதன் தொட்டால் தாய் சேர்க்காது என்பது பொய்.

தேரை

தேரையைக் கவ்விய நாய்க்கு வாயில் நுரை தள்ளினால் தலையைக் குனியவைத்துப் பக்கவாட்டில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். தொண்டைக்குள் ஊற்றாதீர்கள். தள்ளாடினாலோ வலிப்பு வந்தாலோ மருத்துவரிடம் ஓடுங்கள்.

எலி மருந்து

வைக்காதீர்கள். செத்த எலியைத் தின்பது உங்கள் பூனைதான்.

விறகும் ஓலையும்

அந்தத் தம்பியின் நாய் பிழைத்துவிட்டது. போனை வைத்த கையோடு ஸ்கூட்டரை எடுத்தேன். அவர் காரில், நாய் பின்சீட்டில், மருந்து இருக்கிற இடத்தை நான் வழியிலேயே விசாரித்து வைத்தேன். ஒன்பதரைக்கு முதல் பாட்டில் ஏறியது. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தது, முகம் இன்னும் ஒரு பக்கம் கோணியிருந்தது.

இறங்கியதும் நேரே எங்கே போனது தெரியுமா? கொல்லையில் செம்பராங்கல் சுவரை ஒட்டி ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கிற பழைய விறகுக்கு. மூக்கை விட்டு மோந்து பார்க்கிறது. எலி இருக்கிற இடத்துக்குப் பாம்பு வரும், பாம்பு வருகிற இடத்துக்கு நாய் போகும். முதலில் அந்த அடுக்கை எடுங்கள் தம்பி என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன்.

"அடுத்த வாரம் ஆள் வர்றாங்கண்ணே" என்கிறார்.