எண்பது ரூபாய்க் கத்தியும் மூவாயிரம் ரூபாய்க் கத்தியும்

ஓசூரில் புதுக்குடித்தனம் வைத்திருக்கும் என் தங்கை மகள் போன வாரம் போன் செய்தாள். "பெரியம்மா, ஆறு கத்தி, ஒரு கத்திரிக்கோல், சொருகி வைக்க மரக்கட்டை, எல்லாம் சேர்த்து ரெண்டாயிரம்னு போட்டிருக்கான். வாங்கிடவா?" வேண்டாம் என்றேன். "அப்போ கடைத்தெருவுல விக்கிற எண்பது ரூபாய்க் கத்தியே போதுமா?" அதற்குச் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு அரை மணி நேரம் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

திருவானைக்காவலில் வீட்டிலிருந்தே நாற்பது பேருக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறேன். தினமும் மூன்று கிலோ வெங்காயம், இரண்டு கிலோ தக்காளி, அது போகக் கூட்டு பொரியலுக்குக் காய். அம்மா காலம் முழுக்க இரும்பு அரிவாள்மனைதான். வாழைப்பூ அரிந்தால் கறுத்துப்போகும், உடனே மோர்த் தண்ணீரில் போட வேண்டும். எனக்கு முட்டி வலி வந்து தரையில் உட்கார முடியாமல் போன பிறகுதான் மேடையும் கத்தியும். முதல் இரண்டு வருஷத்தில் எண்பது ரூபாய்க் கத்தி ஏழு வாங்கினேன். ஏழாவது, தக்காளித் தோலில் வழுக்கி இடது ஆள்காட்டி விரலில் இறங்கியது. மூன்று தையல். கூர் இருந்தால் கத்தி தன் எடையிலேயே தோலுக்குள் போகும். மழுங்கினால் நாம் அழுத்துகிறோம், அந்த வேகத்தில்தான் வழுக்குகிறது.

கூடுதல் காசுக்கு என்ன கிடைக்கிறது? முதலில் எஃகு. துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லிக்கொள்ள 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால் போதும். கூர் நிற்பதற்கு வேண்டியது கார்பன். அதோடு, காய்ச்சிக் குளிரவைக்கும் பக்குவம். கொல்லர்கள் தோய்ச்சல் என்பது இதைத்தான். ஐரோப்பியக் கத்திகளில் பரவலாக இருக்கும் எஃகில் கார்பன் சுமார் 0.5 சதவீதம், குரோமியம் 15 சதவீதம். கடினம் ராக்வெல் அளவில் 55 முதல் 58 வரை. ஜப்பானிய விஜி-10 எஃகில் கார்பன் இதைப்போல் இரண்டு மடங்கு, கடினம் 60-ஐ ஒட்டி வரும். எண்பது ரூபாய்க் கத்தியின் அட்டையில் இந்த விவரம் எதையும் பார்க்க முடியாது. அதனால் கடைக்குப் போகும்போது ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். அலகில் காந்தம் ஒட்டவில்லையென்றால் அது தட்டு, டம்ளர் செய்கிற ரக எஃகு. எவ்வளவு காய்ச்சினாலும் கடினம் ஏறாது. கீழே வைத்துவிடுங்கள். ஒட்டினால் நல்ல கத்தி என்று அர்த்தமில்லை, மேற்கொண்டு பார்க்கலாம் என்று அர்த்தம்.

இரண்டாவது, மெலிவு. இதை யாரும் பார்ப்பதே இல்லை. வெட்டும் விளிம்புக்குச் சற்று மேலே அலகு எவ்வளவு தடிமன் என்று கத்தியை நேராக நீட்டிப் பிடித்துப் பாருங்கள். அந்த இடம் தடியாக இருந்தால், எவ்வளவு கூர் தீட்டினாலும் காரட் அறுபடாது. பாதியில் டக்கென்று பிளந்து தெறிக்கும். விந்தை என்னவென்றால், தகரம் மாதிரி இருக்கும் மலிவுக் கத்திகள் சில இதில் தேறிவிடும். பளபளவென்று கனமாக இருக்கும் நடுத்தர விலைக் கத்திகள்தான் ஏமாற்றும்.

அலகில் அலை அலையாகக் கோடு போட்டிருந்தால் மயங்க வேண்டாம். எஃகை அடுக்கடுக்காக அடித்து வரும் கோடும் உண்டு, மேலே அச்சடித்த கோடும் உண்டு. ரெண்டாயிரத்துக்கு ஆறு கத்தி கொடுப்பவன் எதைக் கொடுப்பான்? போதாததற்கு, அந்த ஆறில் நாலு கத்தி கட்டையை விட்டு வெளியே வரவே வராது.

நான் வைத்திருப்பது மூன்றுதான். வெங்காயத்துக்கும் காய்க்கும் எட்டு அங்குலக் கத்தி ஒன்று, பிளாஸ்டிக் பிடி போட்ட விக்டோரினாக்ஸ். 1884-இல் தொடங்கிய சுவிஸ் கம்பெனி. ஆறு வருஷத்துக்கு முன் மூவாயிரத்து இருநூறு கொடுத்தேன். பூண்டு உரிக்க, மாங்காய்த் தோல் சீவ அதே கம்பெனியின் சின்னக் கத்தி. சில நூறு ரூபாய்தான். தேங்காய்க்கு வெட்டரிவாள் தனி. ஜப்பான் கத்தி நம் சமையலுக்கு ஆகாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் கடினம் கூடினால் நொறுங்கும் குணமும் கூடும். எதிர்வீட்டுப் பெண் ஒன்பதாயிரம் ரூபாய்க் கத்தியைப் பரங்கிக்காய்க் காம்பில் விட்டுத் திருகினாள். விளிம்பில் அரிசி அளவுக்கு ஒரு துண்டு பெயர்ந்துபோனது.

இனி முக்கியமான செலவு: சாணைக்கல். ஆயிரம் எண் (கல்லின் சொரசொரப்பைச் சொல்லும் எண்) உள்ள தண்ணீர்க் கல் ஒன்று போதும். பத்து நிமிஷம் தண்ணீரில் ஊறவையுங்கள். கத்தியைக் கல்லில் படுக்கவைத்து, முதுகுப் பக்கத்தைச் சுண்டுவிரல் நுழையும் அளவு தூக்குங்கள். நாலு சென்டிமீட்டர் அகல அலகுக்கு அது கிட்டத்தட்ட 18 டிகிரி. அந்தச் சாய்வு மாறாமல் முன்னும் பின்னும் தேயுங்கள். மறுபக்க விளிம்பில் விரலைக் குறுக்காகத் தடவினால் (நீளவாக்கில் அல்ல!) மெல்லிய பிசிறு தட்டுப்படும். அது முனை முதல் அடி வரை வந்த பிறகுதான் திருப்ப வேண்டும். அவசரப்பட்டு முன்பே திருப்பினால் விடிய விடியத் தேய்த்தாலும் கூர் வராது. எனக்கு இது புரிய மூன்று மாசம் ஆயிற்று. கல் இல்லாத அவசரத்துக்கு ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்து, அடியில் மெருகில்லாத சொரசொர வளையத்தில் நாலு இழுப்பு இழுக்கலாம்.

தெருவில் சாணைக்காரர் வந்தால் மலிவுக் கத்தியைத் தாராளமாகக் கொடுங்கள். நல்ல கத்தியைக் கொடுக்காதீர்கள். பொறி பறக்கும் அந்தச் சூட்டில் விளிம்பு நீலம் பாய்ந்தால் தோய்ச்சல் போயிற்று. அப்புறம், கிரானைட் மேடையிலோ எவர்சில்வர் தட்டிலோ கண்ணாடிப் பலகையிலோ வைத்து நறுக்கினால் எந்த விலைக் கத்தியும் ஒரு வாரத்தில் எண்பது ரூபாய்க் கத்திதான். மரப் பலகை வேண்டும்.

தங்கை மகளிடம் கடைசியாகச் சொன்னது இது: முதலில் கல் வாங்கு, கூடவே ஒரு எண்பது ரூபாய்க் கத்தி. அதில் கை பழகட்டும். சாய்வு தப்பிக் கெடுத்தாலும் நஷ்டம் எண்பதுதான். ஆறு மாசம் கழித்துப் பெரிய கத்தி வாங்கலாம்.

நேற்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தாள். கல், கத்தி, பாதி நறுக்கிய வெங்காயம், எல்லாமே கிரானைட் மேடையில். பலகை எங்கேடி என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.