தப்பல் வேகத்தைக் கல்குலேட்டர் இல்லாமல் கணிப்பது எப்படி?

ஏ.எல் பௌதிகவியலில் தப்பல் வேகம் (ஒரு பொருள் கோளின் ஈர்ப்பை விட்டுத் திரும்பி விழாமல் போக, அதை எறிய வேண்டிய குறைந்தபட்ச வேகம்) வந்தால் சூத்திரத்தைப் பாடமாக்கிக்கொண்டு திரிய வேண்டாம். பொருளின் இயக்க சக்தி, அதை முடிவிலி வரை கொண்டுபோகத் தேவையான சக்திக்குச் சமன் என்று எழுதுங்கள், இரண்டு பக்கமும் திணிவு வெட்டுப்பட்டுப் போகும், அதாவது மாங்கொட்டைக்கும் ராக்கெட்டுக்கும் ஒரே வேகம்தான். மிச்சம் சுலபம்: ஈர்ப்பு ஆர்முடுகலை ஆரையால் பெருக்கி, இரட்டித்து, வர்க்கமூலம் எடுங்கள்.

பூமிக்கு 9.8, ஆரை 64 இலட்சம் மீற்றர். 2 × 9.8 × 6.4 = 125.44. இது சரியாக 11.2இன் வர்க்கம், மடக்கை அட்டவணையைத் தொடவே தேவையில்லை! 64 இலட்சத்தை 6.4 ஆக்கும்போது விட்டுவைத்த பத்து இலட்சத்தின் வர்க்கமூலம் ஆயிரம், ஆகவே விடை செக்கனுக்கு 11.2 கிலோமீற்றர். இந்த வேகத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு கிட்டத்தட்ட 36 செக்கன்.

சந்திரனுக்கு 1.62, ஆரை 17.4 இலட்சம் மீற்றர்; சுமார் 2.4 கிலோமீற்றர் வரும்.

புள்ளி போகும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான், வினாவில் விட்டத்தைத் தந்திருப்பார்கள், அவசரத்தில் அதையே ஆரையாகப் போட்டுவிடுவோம். கிலோமீற்றரை மீற்றராக்கவும் மறக்காதீர்கள். எறியும் திசை பற்றிக் கவலை வேண்டாம், தரையில் முட்டாமல் போனால் சரி. வளித்தடை, பூமியின் சுழற்சி இரண்டையும் இங்கே கணக்கில் எடுப்பதில்லை.

அப்புறம், ராக்கெட் தரையிலேயே இந்த வேகத்தை எட்ட வேண்டியதில்லை. எஞ்சின் எரிந்துகொண்டே இருப்பதால் மெதுவாகவும் ஏறலாம், உயரப் போகப் போகத் தேவையான வேகமும் குறையும்: பூமியின் ஆரையளவு உயரத்தில் 7.9 போதும்.