ஏரியைத் தூர்வாரப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை, குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியம் என்பது பொதுவான கணக்கு. அரசின் தூர்வாரும் பணிகள் ஒரு பக்கம், இளைஞர் குழுக்களும் கம்பெனிகளின் நிதியும் இன்னொரு பக்கம் என நிறையப் பேர் தூர்வார இறங்கியிருக்கிறார்கள். மனதார வரவேற்கிறேன். ஆனால் தூர்வாரிய ஏரியில் சில வருடங்களிலேயே மறுபடி சீமைக்கருவேலம் மண்டிவிடுவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. ஊர்க்காரர்களிடம் சரியாகப் பேசாமல் வேலையைத் தொடங்குவதுதான் இதற்குப் பெரிய காரணம் என்பேன்.

பொக்லைனை இறக்கிவிட்டு அப்புறம் ஊர்க்கூட்டம் போடுவது முதல் தவறு. எவ்வளவு ஆழம் தோண்டலாம் என்பதை எந்திரம் ஓட்டுபவர் முடிவு செய்துவிடுகிறார். ஏரித் தண்ணீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் வாய்தான் மடை. அதன் அடிமட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது. ஏரியை மேலும் மேலும் ஆழப்படுத்தினால் நிலத்தடி நீர் ஊறும், மீனுக்கும் மாட்டுக்கும் தண்ணீர் நிற்கும், உண்மைதான். ஆனால் அந்த ஊற்றால் பயன் பெறுபவர் கிணறும் மோட்டாரும் வைத்திருப்பவர். மடையை மட்டும் நம்பியிருக்கும் கடைமடை விவசாயிக்கு, அதாவது வாய்க்காலின் கடைசியில் நிலம் வைத்திருப்பவருக்கு, ஒரு குடம் தண்ணீர்கூட அதிகமாகக் கிடைக்காது. தோண்டும் ஆழம் பொறியியல் கணக்கு மட்டும் இல்லை, யாருக்குத் தண்ணீர் என்ற கேள்வியும் அதில் இருக்கிறது. அதை ஊர் கூடித்தான் தீர்மானிக்க வேண்டும்.

அடுத்தது, ஏரித் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடும் ஆளான நீர்க்கட்டியை மறப்பது. சில பக்கங்களில் நீர்பாய்ச்சி என்பார்கள், மடையன் என்றும் சொல்வதுண்டு. மடையைத் திறப்பது, அடைப்பது, முறை வைத்துத் தண்ணீர் விடுவது எல்லாம் இவர் வேலை. ராத்திரி டார்ச் லைட்டும் மண்வெட்டியுமாக வாய்க்கால் ஓரம் நடந்து, ஒரு வயல் நிறைந்ததும் அதன் வாயை மண்ணால் அடைத்து அடுத்த வயலுக்குத் திருப்பிவிடுவார். எந்த வாய்க்கால் எங்கே கசியும், கரையில் எந்த இடம் பலவீனம், தண்ணீர் எத்தனை நாளுக்கு வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கூலி பெரும்பாலும் அறுவடையின்போது களத்து மேட்டில் அளக்கும் நெல்தான். கிணறு வெட்டிய பெரிய விவசாயிகள் அந்த நெல்லை நிறுத்தியதும் நீர்க்கட்டி வேறு வேலைக்குப் போய்விட்டார். மதகுக்குப் புது ஷட்டர் போட்டு என்ன பயன், திறக்க ஆள் வேண்டாமா? பல ஊர்களில் நீர்க்கட்டிகள் பட்டியல் சாதிக் குடும்பத்தினர். கூட்டத்துக்குக் கூப்பிட்டாலும் ஓரமாக நிற்க வைத்துவிடுகிறார்கள். அவரை உட்கார வைத்துக் கேளுங்கள். கூலி எவ்வளவு, யார் யார் தர வேண்டும் என்பதைத் திட்டத்திலேயே எழுதுங்கள்.

நிலம் உள்ளவர்களை மட்டும் கூட்டி 'ஊரே சம்மதித்தது' என்று எழுதிக்கொள்வதும் தவறுதான். 2000-ஆம் ஆண்டு பாசன மேலாண்மைச் சட்டத்தின்படி அமைக்கும் சங்கங்கள் நில உரிமையாளர்களுக்கானவை. பட்டா கணவர் பேரில் இருந்தால், தினமும் நாற்று நடும், களை எடுக்கும் பெண்ணுக்கு அங்கே குரல் இல்லை. ஆடு மாடு மேய்ப்பவர், துணி வெளுப்பவர் எல்லாரும் அந்த ஏரியை நம்பியவர்கள்தானே!

மீன்பாசி குத்தகையை, அதாவது ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் விடுவதை, யாரும் யோசிப்பதில்லை. குத்தகைக்காரருக்குத் தண்ணீர் நிற்க வேண்டும், விவசாயிக்கு அது வயலுக்குப் போக வேண்டும். எந்த மட்டத்தோடு மடையை அடைப்பது என்பதை ஏலத்துக்கு முன்பே பேசிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

கடைசியாக, ஏரி நிரம்பினால் உபரி நீர் வழிந்தோடும் கலிங்கைத் தொடும் முன் அடுத்த ஊருக்குப் போய் வாருங்கள். நம் ஏரிகள் பலவும் சங்கிலித் தொடர். மேல் ஏரியின் உபரி நீர்தான் கீழ் ஏரிக்கு வரத்து. கலிங்கை ஓரடி உயர்த்தினால் கீழ் ஊருக்குத் தண்ணீர் தாமதமாகும், குறையவும் செய்யும். உங்கள் பக்கம் உள்வாயை, அதாவது ஏரிக்குள் தண்ணீர் பரவி நிற்கும் பகுதியை, ஒட்டிய பட்டா நிலமும் முங்கும். ராத்திரியோடு ராத்திரியாக யாராவது வந்து கலிங்கை உடைத்த பிறகு போலீசுக்குப் போவதைவிட, இரண்டு ஊர்ப் பெரியவர்களையும் நீர்க்கட்டிகளையும் கலிங்கு மேலேயே நிற்க வைத்து, எல்லார் கண்ணெதிரே மட்டத்தைக் குறித்துக் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது.