ஆட்டு மூளையை வைத்து நம் மூளையைப் படிப்போம்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போனது. முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கை. "அடைப்பு மூளையின் இடப்பக்கம்" என்றார் டாக்டர். விழுந்தது வலப்பக்கம் ஆயிற்றே என்று வீட்டில் எல்லாருக்கும் குழப்பம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என்னிடம் டியூஷன் படிக்கும் படிவம் 4 பிள்ளைகளும் இங்கேதான் தடுமாறுவார்கள். படம் போட்டுச் சொன்னால் மனதில் நிற்பதில்லை. அதனால் பசாரில் ஆட்டு மூளை ஒன்று வாங்கிவிடுவேன். நீங்களும் செய்து பாருங்கள்.

படி 1: ஆட்டிறைச்சிக் கடையில் முதல் நாளே சொல்லி வையுங்கள். தலையை நடுவில் பிளப்பதால் மூளையும் பெரும்பாலும் இரண்டாகத்தான் கிடைக்கும். பரவாயில்லை, நமக்கு அதுதான் வசதி. கையுறை, கத்தி, தட்டு போதும்.

படி 2: குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, மேலே உள்ள மெல்லிய சவ்வை விரலால் உரியுங்கள். சிவப்பு நூல்கள் அதோடு சேர்ந்து வரும். வறுவலுக்குக் கழுவும்போது "நரம்பை எடுத்துடு" என்பார்களே, அது இதைத்தான். நரம்பல்ல, ரத்தக் குழாய்! மனித மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவழிக்கும் சக்தியில் 20 சதவீதம் அதற்கே போகிறது. அதனால்தான் இத்தனை குழாய்கள். இவற்றில் ஒன்று அடைத்தாலும் வெடித்தாலும் பக்கவாதம்.

படி 3: பச்சை மூளை வெண்ணெய் மாதிரி, கத்தி பட்டால் குழையும். உப்பு நீரில் பத்து நிமிடம் லேசாகக் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். மஞ்சள்தூள் வேண்டாம்; நிறம் ஏறிவிட்டால் அடுத்த படியில் ஒன்றும் தெரியாது.

படி 4: மடிப்பு மடிப்பாக இருக்கும் பெரிய பகுதி பெருமூளை. பிளந்த பக்கத்தில் வளைந்து தெரியும் வெள்ளைப் பட்டை, இரண்டு பாதிகளையும் இணைக்கும் பாலம். இப்போது குறுக்கே வெட்டுங்கள். ஓரம் சாம்பல், உள்ளே வெள்ளை. சாம்பலில் நரம்பணுக்களின் உடல்கள், வெள்ளையில் அவற்றின் கம்பிகள். நமக்கு, கையை அசைக்கும் கம்பிகளில் பெரும்பாலானவை கீழே, மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் பக்கம் மாறிவிடும். இடப் பாதி சொல்வதை வலது கை கேட்பது இப்படித்தான். பேச்சும் பெரும்பாலானவர்களுக்கு இடப் பாதியில்தான். 1861இல் பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர், "டான்" என்ற ஓசையை மட்டுமே சொல்ல முடிந்த நோயாளி இறந்தபின் மூளையைப் பார்த்தார். இடப்பக்கம் முன்பகுதி கெட்டிருந்தது. அப்பாவின் கையும் பேச்சும் ஏன் சேர்ந்தே போயின என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது.

அப்புறம் பின்னால் இருக்கும் சிறுமூளை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வெட்டுமுகத்தில் கிளைவிட்ட வெள்ளை மரம் ஒன்று தெரியும். மனித மூளையின் சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் பெரும்பான்மை இந்தச் சின்னப் பகுதிக்குள்தான். பால்வெட்டுக் கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும், மேலாகப் போனால் பால் வராது. அந்த அளவை அப்பாவின் கைக்குப் பழக்கியது இந்தச் சிறுமூளைதான்.

அடியில் மூளைத்தண்டு: மூச்சும் இதயத்துடிப்பும் இதன் பொறுப்பு. அதிலிருந்து இறங்குவது தண்டுவடம். பெரியவர்களுக்கு ஏறக்குறைய 45 செ.மீ. நீளம். அதிலிருந்து 31 ஜோடி நரம்புகள் உடலுக்குப் பிரிகின்றன.

படி 5: கையைக் கழுவிவிட்டு, கால் தொங்க மேசைமேல் உட்காருங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ளங்கை ஓரத்தால் ஒருவரைத் தட்டச் சொல்லுங்கள். கால் தானாக உதைக்கும். செய்தி தண்டுவடம் வரை போய்த் திரும்பியதே போதும். மூளைக்குத் தெரிவது அதற்குப் பிறகுதான்.

அப்பாவின் வலது காலைத் தட்டினால் இடது காலைவிட வேகமாக உதைக்கும். மேலே இருந்து வந்துகொண்டிருந்த அடக்கும் கட்டளை இப்போது வருவதில்லை. தண்டுவடம் மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.