பகுதி வேறு, ஆள் வேறு: வாக்குக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்தல் முடிவு வந்த மறுநாளே சிலர் இரண்டு பட்டியல்களோடு உட்கார்ந்துவிடுவார்கள். ஒன்றில் வார்டுவாரியாக விழுந்த ஓட்டு, இன்னொன்றில் அந்தந்த வார்டின் மக்கள்தொகை விவரம். ‘இளைஞர்கள் அதிகமுள்ள வார்டில் இந்தக் கட்சி முன்னிலை, அப்படியானால் இளைஞர் ஓட்டு இவர்களுக்குத்தான்’ என்று முடிவுகட்டுவார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். இரண்டு வார்டுகள், ஒவ்வொன்றிலும் 1,000 வாக்காளர்கள், எல்லோரும் ஓட்டுப் போட்டாயிற்று. முதல் வார்டில் 200 பேர் மாணவர்கள், அங்கே கட்சிக்கு 400 ஓட்டு. இரண்டாவதில் 400 பேர் மாணவர்கள், அங்கே 500 ஓட்டு. மாணவர்கள் கூடினால் ஓட்டும் கூடுகிறது, சரிதானே? இப்போது ஒரு மாணவர்கூட அந்தக் கட்சிக்குப் போடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வார்டில் மற்ற 800 பேரில் 400 பேரும், இரண்டாவதில் மற்ற 600 பேரில் 500 பேரும் போட்டிருந்தால் இதே எண்கள்தான் வரும். மாணவர் விடுதிகளை வெளியே மாற்றுவோம் என்று கட்சி சொல்லியிருந்து, விடுதிக்குப் பக்கத்தில் தூக்கம் கெட்டவர்கள் மொத்தமாகக் குத்தியிருந்தால் இது நடக்கக்கூடியதே.

இதை 1950இல் ராபின்சன் என்ற சமூகவியலாளர் நிஜ எண்களோடு காட்டினார். அமெரிக்காவின் 1930 கணக்கெடுப்பில், வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறிவும் அதிகம். ஆனால் ஆள்வாரியாகப் பார்த்தால் வெளிநாட்டில் பிறந்தவர்களின் எழுத்தறிவு மற்றவர்களைவிடக் குறைவு. அவர்கள் போய்க் குடியேறிய மாநிலங்களில் ஏற்கெனவே படித்தவர்கள் அதிகம், அவ்வளவுதான். ஓட்டிலும் இதே கதை உண்டு. அங்கே அண்மைக் காலத்தில் பணக்கார மாநிலங்கள் ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாய்ந்தன. ஆனால் மாநிலத்துக்குள்ளே பார்த்தால், வருமானம் கூடக் கூடக் குடியரசுக் கட்சிக்கு ஓட்டுப் போடுவதுதான் பல தேர்தல்களில் வழக்கமாக இருந்தது.

அப்புறம் வாக்குப்பதிவு சதவீதம். எத்தனை பேரில் இத்தனை பேர் என்று கேட்காமல் அந்த எண்ணை நம்பவே கூடாது என்பது என் கருத்து. வயது வந்தோர் எல்லோரிலுமா, ஓட்டுரிமை உள்ளவர்களிலா, பட்டியலில் பெயர் உள்ளவர்களிலா? அமெரிக்காவில் 1972க்குப் பிறகு வாக்குப்பதிவு சரிந்துகொண்டே போகிறது என்று நீண்ட காலம் புலம்பினார்கள். மெக்டொனால்ட், பாப்கின் என்ற அரசியல் ஆய்வாளர்கள் 2001இல் கணக்கைத் திருப்பிப் பார்த்தார்கள். முன்பு கணக்கிட்டவர்கள் குடியுரிமை இல்லாதவர்களையும், தண்டனை பெற்று ஓட்டுரிமை இழந்தவர்களையும் சேர்த்தே வகுத்திருந்தார்கள் என்று தெரிந்தது. உரிமை உள்ளவர்களை மட்டும் எடுத்தால் அந்தத் தொடர்ச் சரிவே இல்லை.

பட்டியலை வைத்து வகுத்தாலும் சிக்கல் தீராது. 1,000 பெயர்களில் 150 பேர் இறந்தவர்கள் அல்லது வீடு மாறிப் போனவர்கள் என்றால், 550 பேர் ஓட்டுப் போட்டது 55 சதவீதமாகத் தெரியும். உண்மையில் அது 850 பேரில் 550, கிட்டத்தட்ட 65 சதவீதம். வாடகைக்குக் குடியிருப்போர் அடிக்கடி மாறும் பகுதிகளில் இப்படிப்பட்ட பெயர்கள் அதிகம் தங்கிவிடும். நகரத்துக்காரர்களுக்கு அக்கறை இல்லை என்று திட்டுவதற்கு முன் பட்டியலைத் தூசி தட்டிப் பார்ப்பது நல்லது.

‘கூட்டம் அதிகமாக வந்தால் ஆளுங்கட்சிக்கு எதிர்ப்பு’ என்பதும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லப்படுவதுதான். 2016இல் சுமார் 60 சதவீதமாக இருந்த அமெரிக்க வாக்குப்பதிவு 2020இல் சுமார் 66 சதவீதமானது. பதவியில் இருந்த டிரம்ப் தோற்றார், உண்மை. ஆனால் அவருக்கும் முன்பைவிட 1.1 கோடி ஓட்டு கூடுதலாக விழுந்தது. புதிதாக வந்த கூட்டம் இரண்டு பக்கமும் பிரிந்தது.

ஆளைக் கேட்டே தெரிந்துகொள்ளலாமே என்றால், கருத்துக்கணிப்பில் ஓட்டுப் போடாதவர்களில் பலர் போட்டதாகவே சொல்வார்கள். யாருக்குத்தான் ஒப்புக்கொள்ள மனம் வரும்? வயது, வருமானம், படிப்பு, சொந்த வீடு எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதும் இன்னொரு தொல்லை. இளைஞர்கள் குறைவாக வருவது வயதாலா, அடிக்கடி முகவரி மாறுவதாலா என்பதைப் பிரித்துப் பார்க்காமல் பேசக் கூடாது.

ஒரு நாட்டின் பாங்கை இன்னொரு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவதும் வேண்டாம். அமெரிக்க அதிபர் தேர்தல்களில் 1980 முதலே பெண்களின் வாக்குப்பதிவு விகிதம் ஆண்களைவிட அதிகம். இந்திய மக்களவைத் தேர்தலில் பெண்கள் ஆண்களை எட்டிப் பிடித்தது 2019இல்தான்.

கடைசியாக, காலப் பொருத்தம். 2024 தேர்தலை ஆராய்ந்தவர்களுக்கு இந்தியாவில் கையில் இருந்தது 2011 கணக்கெடுப்பு. அதில் ஐந்து வயதுக் குழந்தையாகப் பதிவானவர் 2024இல் வாக்காளர். இடையில் வார்டு எல்லையும் மாறியிருந்தால், பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று பழைய முடிவையும் புதிய முடிவையும் கழித்துப் பார்ப்பது வீண் வேலை.