இரட்டைப் பட்டம் படிக்க மெல்போர்ன் வரும் குமரி மாவட்டப் பிள்ளைகளுக்கு

பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறப்போகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். எனக்குச் சொந்த ஊர் தக்கலை. மெல்போர்னில் வணிகவியலும் அறிவியலும் சேர்ந்த நான்கு ஆண்டு இரட்டைப் பட்டம் படித்தேன். முடிக்க நாலரை ஆண்டு ஆனது. அந்த அரை ஆண்டை நீங்களும் இழக்கக் கூடாது.

அவசர வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். வந்த ஏழு நாளுக்குள் தங்கும் முகவரியைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவியுங்கள். வரி எண்ணை அரசு இணையதளத்தில் காசில்லாமல் வாங்கலாம், தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள். வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். மருத்துவக் காப்பீடு விசா முடியும்வரை இருக்க வேண்டும். மரச்சீனிக் கிழங்குக்கு மனம் ஏங்கினால் ஃபுட்ஸ்கிரேயில் உள்ள வியட்நாம் கடைகளுக்குப் போங்கள், உறைந்த பொட்டலமாகக் கிடைக்கும். குலசேகரத்தில் எங்கள் அப்பா பிடுங்கித் தரும் கிழங்கின் ருசி அதில் இல்லை. ஆனாலும் முதல் குளிர்காலத்தில் அதுதான் என்னைத் தேற்றியது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நாகர்கோவிலில் படித்தவர்களுக்குத் தெரியும், எந்த செமஸ்டரில் என்ன பாடம் என்று பாடத்திட்டத்திலேயே அச்சிட்டிருக்கும். அரியர் விழாமல் எழுதினால் பட்டம் கைக்கு வந்துவிடும். இங்கே பாடங்களை நாமே பொறுக்கிச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு பாடமும் ஒரு யூனிட். தனியாகப் படித்தால் ஒரு பட்டத்துக்கு மூன்று ஆண்டு, 24 யூனிட், அதில் எட்டு நம் விருப்பத்துக்கு. இரட்டைப் பட்டத்தில் இரண்டு பட்டங்களிலும் உள்ள அந்த எட்டு எட்டு விருப்ப இடங்களை மற்றப் பட்டத்தின் பாடங்களே நிரப்பிவிடுகின்றன. அதனால்தான் ஆறு ஆண்டுப் படிப்பு 32 யூனிட்டாக, நான்கு ஆண்டில் அடங்குகிறது. ஒரு யூனிட் வீணானால் அதை ஈடுகட்ட இடமே கிடையாது.

எனக்கு வீணானது புள்ளியியல். முதல் ஆண்டில் வணிகவியல் துறையின் புள்ளியியலை எடுத்தேன். இரண்டாம் ஆண்டில் அறிவியல் துறையின் புள்ளியியல். இரண்டிலும் நல்ல மதிப்பெண். பதிவு செய்தபோது கணினியும் தடுக்கவில்லை. இரண்டுக்கும் பாடப்பொருள் பெரும்பாலும் ஒன்று என்பதால் ஒன்றைத்தான் கணக்கில் எடுப்பார்கள் என்ற விதி, பாடங்களின் விதிகளைப் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் வெளியிடும் ஹேண்ட்புக் என்ற கையேட்டில் அந்தப் பாடத்துக்குரிய பக்கத்தில் கடைசி வரியாக இருந்தது. நான் படிக்கவில்லை. நான்காம் ஆண்டு செப்டம்பரில், பட்டமளிப்புக்கு விண்ணப்பித்தபோதுதான் ஒரு யூனிட் குறைகிறது என்று மின்னஞ்சல் வந்தது. ஒரு அரியர்கூட இல்லாமல் பட்டம் நின்றுபோனது.

அதற்கு மாற்றாக எடுக்கக்கூடிய பாடம் மார்ச்சில் தொடங்கும் செமஸ்டரில் மட்டும்தான் நடக்கும். என் விசாவோ மார்ச் 15 வரை. படிப்பு நீளும் என்று பல்கலைக்கழகத்திடம் புதிய சான்று, அதைக் காட்டிப் புதிய விசா, அதற்கேற்பக் காப்பீடு, யூனிட்டுக்குக் கட்டணம், அரை ஆண்டு வாடகை. வங்கி அனுமதித்த கல்விக் கடன் நான்கு ஆண்டுக்குத்தான். கடனுக்காக அப்பா ரப்பர் தோட்டத்துப் பத்திரத்தை ஏற்கெனவே வங்கியில் வைத்திருந்தார். மீதிச் செலவுக்கு அம்மா வளையலை அடகு வைத்தார். போனில் அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, அதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது.

ஆகவே வகுப்பு தொடங்கும் முன்பே, நீங்கள் சேர்ந்த ஆண்டின் ஹேண்ட்புக்கை எடுத்து 32 யூனிட்டையும் ஒரே தாளில் எழுதுங்கள். எந்தப் பாடம் எந்த செமஸ்டரில் மட்டும் நடக்கிறது, எதை முடித்தால்தான் எதை எடுக்கலாம், எதனோடு எது சேராது என்று ஒவ்வொன்றின் எதிரிலும் குறியுங்கள். தாளை இரண்டு துறை ஆலோசகர்களுக்கும் அனுப்புங்கள். ஒரு துறைக்காரர் மற்றத் துறையின் விதியைச் சொல்ல மாட்டார், எனக்கு அப்படித்தான் நடந்தது. பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையாக "பிரச்சினை இருக்காது" என்றால் நம்பாதீர்கள். ஒவ்வொரு செமஸ்டரிலும் சென்சஸ் தேதி என்று ஒன்று உண்டு. அதற்குள் பாடத்தை விட்டால் கட்டணம் இல்லை, மறுநாள் விட்டால் முழுக் கட்டணம்.

என் சித்தி மகன் வருகிற பிப்ரவரியில் வருகிறான். அவனுடைய தாளை இருவரும் போனிலேயே எழுதி முடித்து, இரண்டு துறைக்கும் அனுப்பிவிட்டோம். வணிகவியல் துறை பதில் அனுப்பிவிட்டது. புள்ளியியல் பற்றி அறிவியல் துறையின் பதில் இன்னும் வரவில்லை. அது வந்த பிறகுதான் அவன் பதிவு செய்வான்.