மோட்டார்ஹோமில் நியூசிலாந்தின் தென் தீவைச் சுற்றுவோருக்கு

படுக்கையும் அடுப்பும் கழிவறையும் உள்ள வண்டியில் ஒரு நாட்டைச் சுற்றிப் பார்க்க விரும்புவோருக்கு நியூசிலாந்தின் தென் தீவைவிடப் பொருத்தமான இடத்தை நான் கண்டதில்லை. வாகனங்கள் இடப்பக்கமாகவே ஓடுகின்றன. உரிமம் ஆங்கிலத்தில் இருந்தாலோ, அதனுடன் சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் பத்திரம் இருந்தாலோ போதும். ஆயினும் அந்தச் சிறிய வீட்டுக்குத் தண்ணீர் நிரப்புவதும், கழிவை அகற்றுவதும், மின்சாரம் தேடுவதும் தினசரிக் கடமைகள் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டவர்களுக்கே இப்பயணம் இனிக்கும்.

முதலில் தூரத்தைக் குறைத்துத் திட்டமிடுங்கள். கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து குயின்ஸ்டவுன் ஏறத்தாழ 480 கிலோமீட்டர்; காரில் ஆறு மணி நேரத்தில் கடந்துவிடலாம் என்று வரைபடம் காட்டும் அந்தத் தொலைவு, வளைவுகளும் ஏற்றங்களும் நிறைந்த பாதையில் கனமான வண்டியை ஓட்டுபவருக்கு ஒரு முழு நாளை விழுங்கிவிடும். ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம் என்பதே என் கருத்து. கைவசம் இரண்டு வாரம் மட்டும் இருந்தால் வட தீவை விட்டுவிடுங்கள். இரண்டையும் பார்த்தே தீர வேண்டும் என்றால், தென் தீவின் பிக்டனுக்கும் வட தீவின் வெலிங்டனுக்கும் இடையே சுமார் மூன்றரை மணி நேரம் ஓடும் கப்பலில் வண்டியின் நீளத்தைச் சரியாகக் குறிப்பிட்டு முன்பதிவு செய்ய வேண்டும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான கோடைக்காலத்தில் கடைசி நேரத்தில் இடம் கிடைப்பது கடினம்.

வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது படுக்கைகளை மட்டும் எண்ணாமல், இருக்கைப் பட்டைகளையும், குழந்தை இருக்கை பொருத்த முடியுமா என்பதையும் கேட்டறியுங்கள். ஆறு பேர் படுக்கும் வண்டி வசதியானதுதான். ஆனால் ஏழு மீட்டர் நீளமுள்ள அதை நகரத்தில் நிறுத்த இடம் தேடுவது உண்மையான சிரமம். மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டும் வண்டிகளுக்குத் திறந்த சாலையிலும் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர்தான். டீசல் விலை குறைவாகத் தெரிந்தாலும் மகிழ்ந்துவிட வேண்டாம். டீசல் வண்டிகள் ஓடிய தூரத்துக்குத் தனியாகச் சாலைக் கட்டணம் செலுத்த வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். வாடகைக்குத் தருபவர்கள் பெரும்பாலும் அதை உங்கள் கணக்கில்தான் சேர்ப்பார்கள்.

காப்பீட்டுப் பத்திரத்தை வரி வரியாகப் படியுங்கள். கூரைக்கும் அடிப்பகுதிக்கும் ஏற்படும் சேதம் பல ஒப்பந்தங்களில் சேராது. ஆகவே வண்டியின் உயரத்தை ஒரு தாளில் எழுதி ஓட்டுநரின் கண்ணெதிரே ஒட்டி வையுங்கள். குயின்ஸ்டவுனுக்கு அருகிலுள்ள ஸ்கிப்பர்ஸ் பள்ளத்தாக்குச் சாலை போன்றவற்றில் வாடகை வண்டிகளுக்குப் பொதுவாக அனுமதி கிடையாது. காற்றையும் குறைவாக மதிப்பிடக் கூடாது. திறந்த வெளியில் கதவைத் திறக்கும்போது கையால் இறுகப் பிடித்துக்கொள்ளாவிட்டால், பலமான காற்று அதைக் கீலோடு வளைத்துவிடும்.

சாலையில் புதியவர்களைத் தடுமாற வைப்பவை ஒற்றைவழிப் பாலங்கள். பலகையில் உங்கள் திசைக்கான அம்பு சிறியதாகவும் சிவப்பாகவும் இருந்தால் நின்று எதிரே வருபவர்களுக்கு வழிவிட வேண்டும். அது பெரியதாகவும் வெள்ளையாகவும் இருந்தால் முன்னுரிமை உங்களுக்கு. உங்கள் பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டால், பாதுகாப்பான இடம் வந்ததும் ஒதுங்கி அவர்களைப் போகவிடுங்கள்.

எங்கு வேண்டுமானாலும் நிறுத்தி உறங்கலாம் என்பது பழைய நம்பிக்கை. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உள்ளாட்சி மன்றங்களின் நிலங்களில் இலவசமாகத் தங்கும் வண்டி பொதுவாகத் தன்னிறைவுச் சான்று (தண்ணீரையும் கழிவையும் வண்டியே தாங்கிக்கொள்ளும் என்பதற்கான சான்று) பெற்றதாக இருக்க வேண்டும், அதில் நிலையாகப் பொருத்தப்பட்ட கழிவறையும் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஒவ்வோர் ஊர் மன்றத்துக்கும் தனி விதிகள் உண்டு; பலகையைப் படிக்காமல் இரவு தங்கினால் அபராதம் வரும். இயற்கைப் பாதுகாப்புத் துறை நடத்தும் முகாம்களை நான் முதலில் பரிந்துரைப்பேன். ஆவோராக்கி (மவுண்ட் குக்) மலையடிவாரத்து வெள்ளைக் குதிரைக் குன்று முகாமில் வசதிகள் குறைவு. ஆனால் விடியும்போது வண்டிக் கண்ணாடிக்கு வெளியே பனிமலை நிற்கும். அந்தப் பகுதி 2012 முதல் செயற்கை வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் இருள்வானக் காப்பகமாகவும் இருப்பதால், மேகமற்ற இரவில் விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தாலே பால்வீதி தெளிவாகத் தெரியும். அறை எடுத்துத் தங்குபவர் அந்த இரவுக்காகத் தனியே கிளம்பி வர வேண்டியிருக்கும்.

இனி, வண்டி கைக்கு வந்த நாளிலேயே கற்றுக்கொள்ள வேண்டிய வேலை. நல்ல தண்ணீர்த் தொட்டி, பாத்திரம் கழுவிய நீர் சேரும் தொட்டி, கழிவறைப் பெட்டி ஆகிய மூன்றும் தனித்தனியானவை. பின்னிரண்டையும் டம்ப் ஸ்டேஷன் எனப்படும் கழிவு அகற்றும் இடத்தில் மட்டுமே காலி செய்ய வேண்டும், ஆற்றோரத்திலோ மழைநீர்க் கால்வாயிலோ ஒரு துளியும் விடக் கூடாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை, நிரம்பும்வரை காத்திராமல், கையுறை அணிந்து இதைச் செய்துவிட்டால் அருவருப்பு பாதியாகக் குறையும். கழிவறைப் பெட்டியைக் கழுவும் குழாயிலிருந்து குடிநீர்த் தொட்டியை ஒருபோதும் நிரப்பாதீர்கள்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, வண்டியின் மின்கலம் விளக்குகளையும் தண்ணீர்ப் பம்பையும் இயக்கும். மைக்ரோவேவ், மின்கெட்டில் ஆகியவை பெரும்பாலான வண்டிகளில் முகாமின் 230 வோல்ட் இணைப்பில் மட்டுமே வேலை செய்யும். எனவே மூன்று இரவுகளில் ஒன்றையாவது மின்னிணைப்புள்ள முகாமில் கழியுங்கள். கிளம்பும் ஒவ்வொரு முறையும் எரிவாயுவை அடைத்து, இழுப்பறைகளைப் பூட்டி, படியை மடித்து, மின்கம்பியைக் கழற்றிவிட்டோமா என்று ஒருவர் வெளியே சுற்றிவந்து பார்க்க வேண்டும். இந்தப் பொறுப்பை எப்போதும் ஒரே ஆளிடம் விடுவது நல்லது.

மலைகள் சூழ்ந்த கடற்கழியான மில்ஃபோர்ட் சவுண்டுக்குப் போகும் நாளில், டே அனா ஊரிலேயே எரிபொருளை முழுமையாக நிரப்பிக்கொள்ளுங்கள். அங்கிருந்து சுமார் 120 கிலோமீட்டர் மலைப்பாதை. வழியிலுள்ள ஹோமர் சுரங்கப்பாதையருகே காத்திருக்கும்போது கியா கிளிகள் வந்து சன்னல்களின் ரப்பர் விளிம்பைக் கொத்திக் கிழிக்கும். அவை அழகானவை, பாதுகாக்கப்பட்டவை. உணவு கொடுக்காமல் வண்டியை நகர்த்திவிடுவதே இருவருக்கும் நல்லது. மேற்குக் கரையில் மணல் ஈக்கள் மாலையில் உள்ளே நுழையும் என்பதால், விளக்கேற்றும் முன் வலைக்கதவை மூடுங்கள்.

வண்டியைத் திருப்பித் தரும் காலைப்பொழுதில் விமானம் பிடிக்கத் திட்டமிட வேண்டாம். தொட்டிகளைக் காலி செய்து, டீசல் நிரப்பி, உள்ளே பெருக்கித் துடைத்து, நான்கு பக்கமும் கூரையும் தெரியும்படி படமெடுத்து முடிக்க இரண்டு மணி நேரமாவது ஆகும்.